தோண்டி எடுத்தாயிற்று, இனி யார் வைத்துக்கொள்வது?

அமெரிக்காவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறைக் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன அடி கொள்ளும் அட்டைப்பெட்டிகள், கூரை வரைக்கும் வரிசை வரிசையாக. உள்ளே காகிதப் பைகள். சில பைகளின் வாயில் அறுபது வருஷத்துக்கு முன் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் காகிதத்தையே தின்றிருக்கும், மேலே பென்சிலில் எழுதிய குழி எண் பாதி அழிந்திருக்கும். கல் சில்லுகள், மீன் முட்கள், பானை ஓடுகள், கரித்துண்டு, மண் மாதிரி. இவற்றில் கணிசமானவை அணைகளால் அங்கே வந்தவை. 1940களின் நடுவிலிருந்து 1969 வரை அமெரிக்க அரசு பெரிய ஆறுகளில் வரிசையாக அணை கட்டிக்கொண்டே போனபோது, தண்ணீர் ஏறுவதற்குள் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்று, அரசின் அருங்காட்சியக, ஆய்வு அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனம் முன்னின்று ஓர் அவசர அகழாய்வுத் திட்டத்தை நடத்தியது. அந்த அணைகளில் ஒன்றுதான் மிசௌரி ஆற்றின் கேரிசன் அணை. மாண்டன், ஹிடாட்சா, அரிக்கரா என்ற பழங்குடி மக்களுக்கென ஒதுக்கிய ரிசர்வேஷன் நிலத்தில் இருந்த நல்ல விளைநிலத்தையும் எல்போவுட்ஸ் என்ற ஊரையும் அது மூழ்கடித்தது. ஊர் தண்ணீருக்கடியில் போயிற்று, முன்னோர் விட்டுச்சென்றது பெட்டிக்குள் போயிற்று, பேரப்பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும்.

இந்தப் பெட்டிகளை இனி என்ன செய்வது? இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டு பழங்குடிகளிடம் ஆலோசனை கேட்பதா, சாவியைப் பங்குபோடுவதா, அவர்கள் ஊருக்கே அனுப்பிவிடுவதா, மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பதா? இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். என் கட்சி எது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பற்றியே எல்லோரும் சண்டை போடுகிறார்கள், ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்பது. அருங்காட்சியகம் பழங்குடிக்கு 'நீண்டகாலக் கடனாக' ஒரு கூடையைக் கொடுக்கிறதா, இல்லை பழங்குடி தன் கூடையை அருங்காட்சியகத்திடம் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறதா? கூடை இரண்டு தடவையும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். மற்றதெல்லாம் மாறிவிடும்.

முதலில் சட்டம், ஏனென்றால் சட்டமே எல்லாவற்றையும் தீர்த்துவைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். 1990 நவம்பரில் வந்த நாக்ப்ரா சட்டம் (பூர்வகுடி அமெரிக்கர்களின் கல்லறைகளைப் பாதுகாப்பது, எடுத்ததைத் திருப்பித் தருவது பற்றிய சட்டம்) நான்கு வகைப் பொருட்களைப் பற்றித்தான் பேசுகிறது: மனித எச்சங்கள், அவற்றோடு புதைத்த ஈமப்பொருட்கள், சடங்குக்குத் தேவையான புனிதப் பொருட்கள், தனி ஆள் யாரும் விற்க உரிமையில்லாத இனத்தின் பொதுச்சொத்து. மத்திய அரசின் பணத்தைத் தொட்ட எந்த அருங்காட்சியகமானாலும் (ஸ்மித்சோனியனுக்கு மட்டும் தனிச் சட்டம்) இவற்றைப் பட்டியலிட்டு, உரியவர்களைக் கேட்டு, திருப்பித் தர வேண்டும். முப்பது வருஷம் கழித்தும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் எலும்புகள் பெட்டிகளில்தான் இருந்தன. எந்த இனத்தாரோடு தொடர்பு என்று தெரியவில்லை என எழுதிவிட்டால் போதும், வருஷக்கணக்கில் யாரும் கேட்க மாட்டார்கள். 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புது விதிகள் அந்த ஓட்டையை அடைத்தன, பழங்குடிகளின் சொந்த அறிவையும் சான்றாக மதிக்கச் சொன்னன, அவர்கள் சம்மதம் இல்லாமல் இந்த நான்கு வகைகளைக் காட்சிக்கு வைக்கவோ ஆராயவோ கூடாது என்றன. அந்த மாதமே நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு பெரிய கூடங்களைப் பூட்டியது. முப்பது வருஷம் முடியாத வேலை ஒரு மாதத்தில் எப்படி முடிந்தது என்று யாராவது அவர்களைக் கேட்டிருக்கலாம்.

ஆனால் நான் மேலே சொன்ன கல் சில்லு, மீன் முள், மண் மாதிரி, குறிப்பேடு, புகைப்படம் ஆகியவை பெரும்பாலும் இந்த நான்கு வகைக்குள் வராது. கிடங்குகளில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது இவைதான். அவற்றுக்கு 1979-இன் தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டம் ஒரு கோடு போட்டது: பழங்குடி நிலத்தில் எடுத்தது பழங்குடிக்குச் சொந்தம், மத்திய அரசு நிலத்தில் எடுத்தது அரசுக்குச் சொந்தம். ஒரே ஆற்றங்கரை, ஒரே மக்கள், ஒரே காலத்து ஈட்டிமுனை, நடுவில் சர்வேயர் போட்ட கோடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை வைத்து உரிமை தீர்மானமாகிறது. ஆகவே நமக்கு முடிவெடுக்க வேண்டிய இடம் சட்டம் கைவிட்ட இந்தப் பெரும் பகுதிதான்.

இருக்கும் இடத்திலேயே, ஆலோசனையோடு

முதல் வழி எல்லோருக்கும் பழகியது. பொருள் அருங்காட்சியகத்தில், உரிமையும் அங்கே, முக்கியமான விஷயம் வந்தால் பழங்குடிப் பிரதிநிதிகளை அழைத்துக் கேட்பார்கள். நல்ல பக்கம் உண்டு. வெப்பம், ஈரப்பதம், பூச்சி, தீ, திருட்டு இவற்றைக் கவனிக்க ஆள் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. ஒரே இடத்தில் பல ஊர்ச் சேகரிப்பு இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கெட்ட பக்கம், 'கேட்பது' என்ற சொல்லுக்கு யாரும் எல்லை வகுப்பதில்லை. கண்காட்சி வடிவமைத்து, அழைப்பிதழ் அச்சாகி, கடைசி மாதத்தில் இரண்டு மூத்தவர்களை வரவழைத்துச் சுற்றிக் காட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு, அதற்கும் ஆலோசனை என்று பெயர் வைக்கலாம். அவர்கள் 'இதைக் காட்டாதீர்கள்' என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வைத்திருக்கும் நிறுவனங்கள் குறைவு. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இல்லாதவரிடம் கருத்துக் கேட்பதை நான் கூட்டாண்மை என்று சொல்ல மாட்டேன். மற்ற வழிகளுக்கு ஏற்பாடு நடக்கும் வரை காத்திருக்கும் அறையாக வேண்டுமானால் இது சரி.

சாவியைப் பங்குபோடுவது

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் மேற்கே, வற்றிப்போன முங்கோ ஏரியின் கரையில், 1968-இல் ஒரு பெண்ணின் எரிக்கப்பட்ட எலும்புகளைக் கண்டார்கள், 1974-இல் ஓர் ஆணின் முழுப் புதைகுழி. இரண்டையும் பார்த்தவர் ஜிம் பௌலர் என்ற மண்ணியல் அறிஞர். வயது சுமார் 42,000 ஆண்டுகள். இரண்டும் கான்பெராவுக்குப் போயின. பெண்ணின் எலும்புகள் மட்டும் 1992-இல் ஊர் திரும்பின. முங்கோ தேசியப் பூங்காவில் ஒரு பெட்டகத்தில் வைத்தார்கள், அதற்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி ஊர்ப் பூர்வகுடிகளிடம், இன்னொன்று தொல்லியலாளர்களிடம். இரண்டு பேரும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும் என்பது ஏற்பாடாக இருந்தது. எத்தனையோ பக்கம் ஒப்பந்தம் எழுதலாம், எனக்கென்னவோ இந்த இரட்டைப் பூட்டு அத்தனையையும்விடத் தெளிவாகப் படுகிறது.

அமெரிக்காவில் இந்த வழியில் பெரிய அளவில் போனது அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகம். ஜார்ஜ் ஹை என்ற நியூயார்க் பணக்காரர் தன் வாழ்நாள் முழுக்க வாரிக் குவித்த சுமார் 8 லட்சம் பொருட்களை 1989-இன் சட்டம் ஸ்மித்சோனியனிடம் ஒப்படைத்தது. 1999-இல் மேரிலாந்தின் சூட்லண்டில் இதற்கென்றே ஒரு சேமிப்பு மையம் திறந்தார்கள். கட்டுவதற்கு முன்பே பழங்குடிகளைக் கேட்டதால், கட்டடத்துக்கு உள்ளேயும் வெளியேயும் சடங்கு செய்ய இடம் இருக்கிறது. ஒரு காப்பாட்சியருக்குப் புகை என்றாலே கெட்ட கனவு, ஆனால் அங்கே மூலிகைப் புகை போடுவது வேலையின் ஒரு பகுதி. இதெல்லாம் அருமைதான், இருந்தாலும் வாஷிங்டன் மாநிலத்தின் கடற்கரையிலிருந்தோ அரிசோனாவிலிருந்தோ ஒரு பாட்டி தன் குடும்பத்துக் கூடையைப் பார்க்க மேரிலாந்து வரைக்கும் விமானம் ஏற வேண்டும். டிக்கெட் யார் வாங்கிக் கொடுப்பது என்பதைப் பற்றி மாநாடுகளில் பேசுவதில்லை.

சாவியைப் பங்குபோடும்போது நடைமுறையில் சண்டை வருவது எலும்பைவிடச் சின்ன விஷயங்களில்தான். ஒரு மாணவர் கரித்துண்டைக் காலக்கணிப்புக்கு அனுப்ப வேண்டும் என்கிறார், அனுப்பினால் அது எரிந்து போகும், யார் கையெழுத்துப் போடுவது? அகழாய்வுக் குறிப்பேட்டில் புதைகுழிகள் இருக்கும் இடத்தின் வரைபடம் இருக்கிறது, அது இணையத்தில் போனால் திருடன் மண்வெட்டியோடு வந்துவிடுவான், குறிப்பேடு யார் பொறுப்பு? பொருளைப் பற்றி மட்டும் ஒப்பந்தம் போட்டுவிட்டுக் குறிப்பேட்டையும் படச்சுருளையும் மறந்துவிடுகிறார்கள். குறிப்பேடு இல்லாத சேகரிப்பு வெறும் கல் மூட்டை, இது இரண்டு தரப்புக்கும் பொருந்தும்.

மக்கா மக்கள் செய்தது

மூன்றாவது வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. மக்கா என்றதும் அரபு நாட்டுப் புனித நகரத்தை நினைக்க வேண்டாம், இவர்கள் அமெரிக்காவின் வடமேற்கு நுனியில், வாஷிங்டன் மாநிலத்தின் நீயா பே என்ற கடலோர ஊரில் இருக்கும் பழங்குடி. திமிங்கில வேட்டைக்காரர்கள். 1855-இல் அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் திமிங்கிலம் பிடிக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிவைத்தவர்கள்.

இவர்களின் பழைய ஊர்களில் ஒன்று ஓசெட். சில நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நாள் மலைச்சரிவு மண் குழம்பாக இறங்கி வந்து அங்கிருந்த சில வீடுகளை அப்படியே மூடிவிட்டது. ஈரமான களிமண் காற்றைப் புகவிடாததால் மரமும் நாரும் மட்காமல் இருந்தன. 1970 குளிர்காலத்தில் புயல் கரையை அரித்தபோது அந்த வீடுகளின் பலகைகள் வெளியே தெரிய ஆரம்பித்தன, நடந்துபோகிறவர்கள் பொருட்களை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். அப்போது மக்கா இனத்தின் தலைவராக இருந்த எட் கிளாப்லன்ஹூ, வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டோஹர்ட்டியைக் கூப்பிட்டார். கிளாப்லன்ஹூ அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். டோஹர்ட்டி அதற்கு முன்பே ஓசெட்டில் தோண்டிப் பார்த்தவர். இதில் கவனிக்க வேண்டியது யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது. பொதுவாக ஆய்வாளர் வந்து கதவைத் தட்டுவார், இங்கே வீட்டுக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

பதினோரு வருஷம் தோண்டினார்கள். கார் போகாத இடம், காட்டுக்குள் நடந்துதான் போக வேண்டும். மரப்பொருட்களை மண்வெட்டியால் தொட்டால் வெட்டுப்படும் என்பதால் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து எடுத்தார்கள். 55,000-க்கும் அதிகமான பொருட்கள் வந்தன: பெட்டிகள், கூடைகள், தறி, தூண்டில், ஈட்டி, தொப்பி. எல்லாவற்றையும்விடப் பெயர் வாங்கியது திமிங்கிலத்தின் முதுகுத் துடுப்பு வடிவில் செதுக்கிய ஒரு மரச்சிற்பம், அதில் கடல் நீர்நாயின் பற்கள் எழுநூறுக்கும் மேல் பதித்திருக்கிறது. ஈரத்திலேயே இருந்த மரம் காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும், அதனால் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைக் கரைத்து அதில் நீண்ட நாள் ஊறவைக்க வேண்டும். இந்த வேலைக்கான கூடத்தை வைத்தது நீயா பேயில். பல்கலைக்கழக வளாகத்துக்கு லாரி ஏற்றவில்லை. ஓசெட் மக்கா மக்களின் நிலம், எடுத்தது அவர்களின் சொத்து. மக்கா இளைஞர்கள் தோண்டினார்கள், மூத்தவர்கள் வந்து இது இன்னது, இப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

1979-இல் மக்கா பண்பாட்டு ஆய்வு மையம் திறந்தது. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில். உள்ளே கிடங்கில் அடுக்கியிருக்கும் விதம்தான் எனக்கு மிகவும் சுவாரசியம். வழக்கமான கிடங்கில் மரம் ஓர் அறை, எலும்பு ஓர் அறை, கல் ஓர் அறை என்று மூலப்பொருளை வைத்துப் பிரிப்பார்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஈரப்பதம் வேறு. இங்கே எந்த வீட்டிலிருந்து எடுத்ததோ அந்த வீட்டுப் பொருட்கள் சேர்ந்து இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான் இன்னொரு குடும்பத்துடையதோடு கலக்கக் கூடாது என்பது அவர்கள் நியாயம், கேட்டால் நமக்கும் நியாயமாகத்தான் படும். பெயர்கள் மக்கா மொழியில். ஆண் மட்டும் தொடலாம், பெண் மட்டும் தொடலாம் என்ற கட்டுப்பாடுள்ள பொருட்களுக்கு அந்தக் குறிப்பு அலமாரியிலேயே இருக்கிறது. பாலினத்தை வைத்து வேலையைப் பிரிக்கும் இந்த விதி வெளியிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒரு பெண் காப்பாட்சியருக்கு எப்படி இருக்கும் என்ற கேள்வி எனக்கும் உண்டு, அதற்கு எளிதான பதில் இல்லை. ஆனால் அந்த வீட்டின் விதியை அந்த வீட்டுக்காரர்தான் எழுத வேண்டும், மாற்றினாலும் அவர்தான் மாற்ற வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஈரக் கடற்காற்றில், நகரத்திலிருந்து இவ்வளவு தள்ளி, இத்தனை ஆயிரம் மரப்பொருட்களை ஒரு சின்ன ஊர் வருஷாவருஷம் பராமரிப்பது சுலபமில்லை. திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கும், இருபதாவது வருஷத்து மின்கட்டணத்துக்கு யாரும் நன்கொடை தருவதில்லை. மக்கா மக்களுக்குக் கிடைத்த மூன்று சாதகமும் எல்லோருக்கும் வாய்க்காது: நிலம் அவர்களுடையது, கண்டுபிடிப்பு உலகப் புகழ் பெற்றது, தலைவருக்கும் ஆய்வாளருக்கும் இடையே நம்பிக்கை இருந்தது. மற்ற பழங்குடிகளிடம் போய் 'மக்கா மாதிரி ஒரு மியூசியம் கட்டுங்கள், பிறகு பொருளைத் தருகிறோம்' என்று சொல்வதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கலாம். கனடாவில் அப்படி நடந்தது. குவாக்குவாக்கவாக்கு என்ற பழங்குடி மக்கள் பாட்லாட்ச் என்ற சடங்கு விருந்து நடத்தியது குற்றம் என்று 1921-க்குப் பின் பிடுங்கிய முகமூடிகளை ஒட்டாவா தேசிய அருங்காட்சியகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டபோது, முதலில் அருங்காட்சியகம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. (அது அகழாய்வுப் பொருள் இல்லை, ஆனாலும் நிபந்தனையின் மனோபாவம் ஒன்றுதான்.) அவர்கள் கேப் மட்ஜில் 1979-இலும் அலர்ட் பேயில் 1980-இலும் இரண்டு கட்டிக் காட்டினார்கள். பிடுங்கும்போது யாரும் கண்ணாடிப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துப் பிடுங்கவில்லையே.

மண்ணுக்கே

முன்னோரின் எலும்புக்கும் அவர்களோடு புதைத்ததற்கும் ஒப்பீடே வேண்டாம், உரியவர்கள் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். இதை வாதமாக நீட்டிக்க விருப்பமில்லை, ஆனால் கெனவிக் மனிதனின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1996 ஜூலையில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஒரு மண்டையோடு தட்டுப்பட்டது, ஏறத்தாழ முழு எலும்புக்கூடு, வயது சுமார் 8,500 ஆண்டுகள். யுமட்டில்லா, யக்கமா, நெஸ் பெர்ஸ், கோல்வில், வானபம் ஆகிய ஐந்து பழங்குடிகள் 'எங்கள் முன்னோர்' என்று உரிமை கேட்டார்கள். அறிவியலாளர்கள் வழக்குப் போட்டு, 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். தொடர்புக்குச் சான்று இல்லையாம். எலும்புகள் சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகத்தில் இருந்தன. 2015-இல் கோப்பன்ஹேகன் ஆய்வுக்குழு டிஎன்ஏவைப் படித்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி கொடுத்தவர்கள் அதே கோல்வில் மக்கள்தான், முடிவு அவர்கள் சொன்னபடியே வந்தது. 2017 பிப்ரவரியில் புதைத்தார்கள். பேரன் 'என் பாட்டன்' என்று சொன்னதை நம்ப இருபது வருஷமும் ஒரு வழக்கும் ஓர் ஆய்வகமும் தேவைப்பட்டிருக்கிறது. எலும்பைப் பத்திரமாக வைத்திருந்ததால்தானே டிஎன்ஏ படிக்க முடிந்தது என்று எதிர்வாதம் வரும். உண்மைதான், ஆனால் முறையாகக் கேட்டிருந்தால் அவர்களே கொடுத்திருக்கவும் கூடும் என்பதைக் கோல்வில் மக்கள் மாதிரி கொடுத்ததே காட்டுகிறது.

நமக்குப் பக்கத்திலும் ஒன்று நடந்தது. எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடம் இருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை 2019 நவம்பரில் இலங்கை வேடர்களின் தலைவரிடம் ஒப்படைத்தது.

சிக்கலானது ஸுனி மக்களின் போர்த் தெய்வங்கள் விஷயம். நியூ மெக்சிகோவின் ஸுனிகள் மரத்தில் செதுக்கும் இந்த உருவங்கள் திறந்தவெளிச் சன்னிதியில் வெயிலிலும் மழையிலும் கரைந்து மண்ணோடு சேர வேண்டும், அதுதான் அவற்றின் வேலை. அருங்காட்சியகங்களோ அவற்றைக் கெடாமல் காப்பாற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தன. 1978-இலிருந்து ஸுனிகள் ஒவ்வொரு இடமாகப் போய்ப் பொறுமையாகக் கேட்டார்கள், வழக்கு மிரட்டல் இல்லாமல். டென்வர் கலை அருங்காட்சியகம் 1980-இல் கொடுத்தது, ஸ்மித்சோனியன் 1987-இல். நாக்ப்ரா வருவதற்கு முன்பே. திருப்பி வந்தவை கூரையில்லாத, ஆனால் திருடர் நுழைய முடியாத சன்னிதியில் இருக்கின்றன. அழியவிடுவதுதான் இங்கே பராமரிப்பு, இதை ஒரு காப்பாட்சியரின் மனது ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும்.

ஆனால் அதே ஸுனிகள், 1990களில், தோண்டி எடுத்த முன்னோரின் எலும்புகளை எல்லாம் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. எடுத்த அன்றே கெட்டுப்போயிற்று, அதைச் சரிசெய்ய எங்களிடம் சடங்கு கிடையாது, நீங்களே மரியாதையாக வைத்திருங்கள் என்பதுபோல் இருந்தது அவர்கள் நிலை. 'திருப்பிக் கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது' என்று நினைக்கும் நல்லெண்ணக்காரர்களுக்கு இது ஒரு நல்ல மருந்து. யாரும் கேட்காததை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதும் அடாவடிதான்.

முங்கோவில் இன்னொரு விதமான தலைவலி. ஆணின் எலும்புகள் 2017 நவம்பரில், 8,000 ஆண்டு பழமையான செம்மரத்தில் செய்த பேழையில், ஒரு பழைய சவ ஊர்தியில் ஊர் திரும்பின. பிறகு என்ன செய்வது என்பதில் பார்க்கிண்ட்ஜி, முத்தி முத்தி, நியம்பா ஆகிய மூன்று மக்களுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. அடையாளமில்லாத இடத்தில் புதைத்துவிட வேண்டும் என்றனர் சிலர், வழிபட ஒரு நினைவிடம் வேண்டும் என்றனர் சிலர். 2022-இல் ஒன்றிய அமைச்சர் அந்தப் பகுதியில் எடுத்த 108 பேரின் எச்சங்களையும் புதைக்க அனுமதி கொடுத்தார், மே மாதம் அந்த ஆணையும் பெண்ணையும் சத்தமில்லாமல் புதைத்துவிட்டார்கள், எதிர்த்தவர்கள் பிறகுதான் கேள்விப்பட்டார்கள். 'சமூகத்தோடு கூட்டாண்மை' என்று எழுதும்போது சமூகம் ஒரே குரலில் பேசும் என்ற நினைப்பு நமக்கு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை, நம் ஊர்க் கோயில் கமிட்டி ஒன்றையாவது பார்த்தவர்களுக்கு அது வரக் கூடாது.

டிஜிட்டல் வழியை நான் தனி வழியாகச் சேர்க்கவில்லை. முகுர்ட்டு என்ற இலவச மென்பொருள் நல்லது, ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக்கில் வருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவானது. எந்தப் படத்தை எந்தக் குடும்பம், எந்தப் பாலினம் பார்க்கலாம் என்று அவர்களே விதி வைத்துக்கொள்ளலாம். பட்டியலைப் பகிர, பெயர் திருத்த, வழி தவறிய பெட்டியைக் கண்டுபிடிக்க இது கட்டாயம் வேண்டும். படத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளை வைத்துக்கொள்ள இதைச் சாக்காக்கினால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் எதை?

என் பதில் இதுதான். புதைகுழியிலிருந்து வந்தது எதுவானாலும் அதைத் தனியாக எடுத்துவிடுங்கள், அது நான்காவது வழி, அல்லது ஸுனிகள் போல உரியவர்கள் சொல்லும் வேறு வழி. மிச்சமிருக்கும் பெரும் பகுதிக்கு, முதலில் உரிமையை மாற்றி எழுதுங்கள், பெட்டியை நகர்த்தும் பேச்சு பிறகு. பல்கலைக்கழகம் தானே தோண்டித் தன் பெயரில் வைத்திருப்பதை அதன் நிர்வாகக் குழுவே தீர்மானம் போட்டு மாற்றலாம். அரசு நிலத்தில் எடுத்ததென்றால் உரிமை அரசுடையது, அங்கே ஆய்வு, காட்சி, கடன் ஆகியவற்றில் பழங்குடியின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது என்ற ஒப்பந்தம் வரைக்குமாவது போகலாம். பிறகு அதே அலமாரியில், அதே குளிர்சாதனத்தில், இரண்டாவது வழியில் வைத்திருக்கலாம், ஆனால் இப்போது பழங்குடிதான் பல்கலைக்கழகத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறது. திருப்பிக் கேட்கும் நாளை அவர்கள் முடிவு செய்வார்கள். மக்கா வழிக்குப் போகும் நாள் வந்தால் புதிதாக ஒரு சண்டை தேவையில்லை, லாரி மட்டும் போதும். நியூசிலாந்தின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகக் கிடைக்கும் மாவோரித் தொல்பொருட்களுக்கு இதில் ஒரு பங்கைச் செய்கிறது: கண்டெடுத்தவர் 28 நாளில் தெரிவிக்க வேண்டும், உரிமை முதலில் அரசிடம் நிற்கும், யாருடையது என்பதை மாவோரி நில நீதிமன்றம் வரை போய்த் தீர்மானிக்கலாம், அதுவரை பொருள் ஓரிடத்தில் பத்திரமாக இருக்கும். உரிமைப் பேச்சையும் இருப்பிடத்தையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

இதில் பணத்தை மறைக்கக் கூடாது. அமெரிக்கக் கிடங்குகள் பெட்டிக்கு இவ்வளவு, கன அடிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவது வழக்கம். உரிமையை மாற்றிவிட்டு அடுத்த மாதம் வாடகைச் சீட்டை அனுப்பினால் அது கேலி. கட்டணம் தள்ளுபடி என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். துருப்பிடித்த பின்களைக் கழற்றி, பைகளை மாற்றி, பட்டியலைச் சரிசெய்யும் செலவும் இத்தனை வருஷம் வைத்திருந்தவருடையது. கூடை, தோல், மரம் போன்றவை இருந்தால் பழைய பூச்சிமருந்துப் பதிவுகளைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் முன்பு ஆர்செனிக்கும் பாதரசமும் தாராளமாகத் தூவினார்கள், ஹோப்பி மக்களுக்குத் திரும்பி வந்த சடங்குப் பொருட்களில் ஆர்செனிக் இருந்தது. அலமாரியில் இருக்கும்வரை அது வெறும் ஆவணக் குறிப்பு, முகத்தில் அணியும்போது விஷம்.

கடைசியாக, கடிதம் போட்டு மூன்று மாதம் பதில் வராவிட்டால் அவர்களுக்கு ஆர்வமில்லை என்று கோப்பை மூடிவிடும் பழக்கம் இருக்கிறது. பல பழங்குடி அலுவலகங்களில் இந்த வேலைக்கென்று இருப்பது ஒருவரோ இருவரோதான், 2024-இன் விதிகளுக்குப் பிறகு அவர்கள் மேஜையில் எல்லாப் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் குவிகின்றன, ஒவ்வொன்றிலும் நூறு பக்கப் பட்டியல். பதில் வராத காலத்தில் ஆய்வுக்கு மாதிரி கொடுக்காமல், கண்காட்சிக்கு எடுக்காமல் பெட்டிகளை நிறுத்திவைக்கலாம், பட்டியலை இரண்டு பக்கமாகச் சுருக்கி மறுபடி அனுப்பலாம், அவர்கள் ஆள் ஒருவர் வந்து பார்க்கப் பயணச் செலவும் நாள் சம்பளமும் பட்ஜெட்டில் எழுதிவைக்கலாம். இதற்கு எவர் அனுமதியும் வேண்டாம், திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம்.